லோகோவை ஃப்ரீயா கொடுக்கலாம்... ஆனா எதைக் கொடுக்குறீங்கன்னு தெரிஞ்சு கொடுங்க!



உங்க சம்பள ஸ்லிப்பை ஒரு தடவை திறந்து பாருங்க. பேசிக், ஹெச்ஆர்ஏ, பிஎஃப்னு வரிசையா இருக்கிற எண்களுக்கு முன்னாடி ஒரு சின்ன குறி இருக்கும்: ₹. டீக்கடைக்கு ஜிபே-ல 15 ரூபாய் அனுப்பினாலும் அதே குறி, வீட்டு லோன் ஸ்டேட்மென்ட்ல 40 லட்சம் பாக்கின்னு காட்டினாலும் அதே குறி.

அதை வரைஞ்சவர் தமிழ்நாட்டுக்காரர். அண்ணா யுனிவர்சிட்டியில ஆர்க்கிடெக்சர் முடிச்சிட்டு, ஐஐடி பாம்பேல டிசைன் படிச்ச உதயகுமார். 2009-ல மத்திய நிதி அமைச்சகம் ஒரு போட்டி வெச்சது. 3,000-க்கும் மேல டிசைன்கள் வந்தது. 2010 ஜூலை 15-ஆம் தேதி மத்திய அமைச்சரவை இவரோட டிசைனுக்கு ஒப்புதல் கொடுத்தது. பரிசு ₹2.5 லட்சம். அதோட ஒரு நிபந்தனையும் இருந்தது: ஜெயிச்ச டிசைனோட காப்பிரைட்டை மத்திய அரசுக்கு எழுதிக் கொடுத்துடணும்.

"நூறு கோடி பேர் பயன்படுத்துற குறிக்கு வெறும் ரெண்டரை லட்சமா!" அப்படின்னு நிறைய பேர் கேட்பாங்க. ஆனா இதை வேற மாதிரி பாருங்க. போட்டி விதி முன்னாடியே எழுதி இருந்தது. என்ன கிடைக்கும், எதை விட்டுக் கொடுக்கணும்னு தெரிஞ்சு தான் எல்லாரும் கலந்துக்கிட்டாங்க. அந்த வகையில அது ஒரு தெளிவான டீல்.

நம்மள்ல நிறைய பேர் வார இறுதியில செய்யற வேலைகள்ல அந்தத் தெளிவு தான் இருக்கிறதில்ல. இந்தப் பதிவு அதைப் பத்தி தான். டிசைனரா இருந்தாலும், கோடு எழுதறவரா இருந்தாலும், "ஓபன் சோர்ஸ் தானே, எல்லாம் ஃப்ரீ தானே"ன்னு நினைச்சு ஒரு லோகோவைக் கொடுக்கவோ வாங்கவோ போறீங்கன்னா, பத்து நிமிஷம் ஒதுக்கி முழுசா படிங்க.

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம்

நீங்க ராஜா அண்ணாமலைபுரத்துல ரெண்டு நண்பர்களோட வாடகைக்கு இருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். காலையில கிரீன்வேஸ் ரோடு ஸ்டேஷன்ல பறக்கும் ரயில் ஏறி, திருவான்மியூர்ல இறங்கி டைடல் பார்க்ல இருக்கிற கம்பெனிக்கு போறீங்க. வேலை: ப்ராடக்ட் டிசைனர். சம்பளம் மாசம் ₹60,000.

வார இறுதியில ஒரு ஓபன் சோர்ஸ் ப்ராஜெக்ட்ல கை கொடுக்குறீங்க. வீட்டுச் செலவை தமிழ்லயே எழுதி வைக்கிற ஒரு ஆப். கோடு முழுக்க கிட்ஹப்ல இருக்கு. பழைய லோகோ ஆறு வருஷத்துக்கு முன்னாடி யாரோ அவசரத்துக்குப் போட்டது. போன் ஸ்க்ரீன்ல சின்னதா வந்தா என்னன்னே புரியாது. "புது லோகோ ஒண்ணு போட்டுக் கொடுங்களேன்"னு ப்ராஜெக்டை நடத்துறவர் கேட்கிறார். நீங்களும் ரெண்டு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து, பனை ஓலைச் சுவடி மாதிரி ஒரு அழகான குறியைப் போட்டு அனுப்பிடறீங்க. எல்லாருக்கும் பிடிச்சுடுது.

ரெண்டு வருஷம் கழிச்சு அந்த ஆப்புக்கு பத்து லட்சம் யூசர்ஸ் வந்துடறாங்க. அப்போ கீழே இருக்கிற கேள்விகள்ல ஏதாவது ஒண்ணு நிச்சயம் வரும்:

- வேற ஒருத்தர் அதே லோகோவைப் போட்டு ஒரு போலி ஆப் விடறார். அவரைத் தடுக்கிற உரிமை யாருக்கு?
- ப்ராஜெக்டை நடத்துறவர் கம்பெனி ஆரம்பிச்சு முதலீடு வாங்கப் போறார். "லோகோ யாருக்குச் சொந்தம்?"னு முதலீட்டாளரோட வக்கீல் கேட்கிறார். யார் பதில் சொல்றது?
- உங்க ஆபீஸ் ஹெச்ஆர் கூப்பிட்டு, "இதை எங்க லேப்டாப்ல தானே வரைஞ்சீங்க?"ன்னு கேட்கிறாங்க.

மூணுக்கும் பதில், நீங்க எவ்வளவு அழகா வரைஞ்சீங்கங்கிறதுல இல்ல. அன்னைக்கு என்ன எழுதி வெச்சீங்கங்கிறதுல இருக்கு.

ஒரு படம், மூணு சொத்து

லோகோங்கிறது ஒரே ஒரு ஃபைல் தான். ஆனா அதுக்குள்ள மூணு தனித்தனி விஷயம் இருக்கு. மனையை விக்கலாம், வீட்டை வாடகைக்கு விடலாம், மாடியை மட்டும் லீஸுக்குக் கொடுக்கலாம் இல்லையா? அதே மாதிரி இந்த மூணையும் தனித்தனியா கையாளலாம்.

1. காப்பிரைட். படத்தை நகல் எடுக்க, மாத்த, வெளியிட இருக்கிற உரிமை. இந்தியாவுல இது 1957 காப்பிரைட் சட்டத்துல வருது. வரைஞ்ச நிமிஷமே தானா வந்துடும். பதிவு பண்ணணும்னு கட்டாயம் இல்ல. வரைஞ்சவர் ஆயுள் முழுக்க, அதுக்கப்புறம் 60 வருஷம் வரைக்கும் நிக்கும்.

2. டிரேட்மார்க். இந்தக் குறியைப் பார்த்தா மக்கள் இந்த ப்ராஜெக்டுன்னு அடையாளம் கண்டுக்கிறாங்க, அந்த அடையாளத்துக்கான உரிமை. இது வரைஞ்சவருக்கு வராது. அந்தக் குறியோட பேர்ல சேவை கொடுக்கிறவருக்கு வரும். பதிவு செஞ்சா 10 வருஷம், புதுப்பிச்சுக்கிட்டே போகலாம்.

3. க்ரெடிட். "இதை வரைஞ்சது நான்"னு சொல்லிக்கிற உரிமை. காப்பிரைட்டை வித்துட்டாலும் இது வரைஞ்சவர்கிட்டயே இருக்கும்னு சட்டத்தோட 57-வது பிரிவு சொல்லுது. உங்க பேருக்குக் கெட்ட பேர் வர்ற மாதிரி படத்தைச் சிதைச்சா கேள்வி கேட்கவும் முடியும்.

ரூபாய் குறியில நடந்தது இது தான். காப்பிரைட் அரசுக்குப் போயிடுச்சு. ஆனா வரைஞ்சவர் யார்னு கேட்டா இன்னைக்கும் உதயகுமார்னு தான் சொல்றோம்.

பெரிய ப்ராஜெக்டுகள் என்ன பண்ணாங்க?

இந்த மூணையும் ஒவ்வொரு ப்ராஜெக்டும் ஒவ்வொரு விதமா பிரிச்சு வெச்சிருக்காங்க. அதுல நமக்கு நிறைய பாடம் இருக்கு.

லினக்ஸ் பென்குயின்: எல்லாம் எடுத்துக்கோ, பேரை மட்டும் சொல்லு

1996-ல லாரி யூயிங்ங்கிறவர் ஜிம்ப்ங்கிற இலவச சாஃப்ட்வேர்ல வரைஞ்சது தான் டக்ஸ் பென்குயின். அவர் போட்ட நிபந்தனை ரொம்ப எளிமை: பயன்படுத்தலாம், மாத்தலாம்; யாராவது கேட்டா என் பேரையும் ஜிம்ப் பேரையும் சொன்னா போதும். இன்னைக்கு டி-ஷர்ட்ல இருந்து லேப்டாப் ஸ்டிக்கர் வரைக்கும் அந்தப் பென்குயின் இருக்கு.

ஆனா "லினக்ஸ்"ங்கிற பேர் விஷயத்துல கதை வேற. 1990-கள்ல அமெரிக்காவுல சம்பந்தமே இல்லாத ஒருத்தர் அந்தப் பேரை டிரேட்மார்க்கா பதிவு பண்ணிட்டு, லினக்ஸ் விக்கிற கம்பெனிகள்கிட்ட ராயல்டி கேட்க ஆரம்பிச்சார். வழக்கு நடந்து, 1997-ல தான் அது லினஸ் டோர்வால்ட்ஸ் கைக்கு வந்தது. படத்தை தாராளமா கொடுத்தாங்க, ஒரு பிரச்சினையும் வரல. பேரைப் பதிவு பண்ணாம விட்டாங்க, கோர்ட் வரைக்கும் போக வேண்டி வந்தது.

டெபியனும் ஃபயர்ஃபாக்ஸும்: ஒரு லோகோவுக்காக பத்து வருஷம்

தமிழ்நாடு அரசு கொடுத்த இலவச லேப்டாப் வாங்கினவங்க, அதுல விண்டோஸோட சேர்ந்து பாஸ் லினக்ஸ்னு ஒண்ணு இருந்ததைப் பார்த்திருப்பீங்க. நம்ம சென்னை சி-டாக் உருவாக்கினது. அதுக்கு அடிப்படை டெபியன்ங்கிற ஓபன் சோர்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டம்.

டெபியன்ல ஒரு கண்டிப்பான விதி உண்டு: உள்ள இருக்கிற எதையும் யாரும் மாத்தலாம், பகிரலாம், விக்கலாம். ஃபயர்ஃபாக்ஸ் ப்ரவுசரோட கோடு அந்த விதிக்குப் பொருந்திச்சு. லோகோ பொருந்தல. ஏன்னா மோசில்லா கோடைத் திறந்து வெச்சாங்க, லோகோவைப் பூட்டி வெச்சாங்க. டெபியன் லோகோவை எடுத்துட்டு பேரை மட்டும் வெச்சு வெளியிட்டது. "பேர் வேணும்னா லோகோவும் சேர்த்து தான், நீங்க செய்ற மாற்றங்களுக்கும் எங்க ஒப்புதல் வேணும்"னு மோசில்லா சொல்லிடுச்சு. 2006-ல டெபியன் பேரையே மாத்தி "ஐஸ்வீசல்"னு வெளியிட்டாங்க. 2016-ல தான் பேசி முடிச்சு ஃபயர்ஃபாக்ஸ் பேரும் படமும் திரும்ப வந்தது.

மோசில்லா பக்கமும் நியாயம் இருக்கு. யாரோ ஒருத்தர் வைரஸ் கலந்து அதே நரி படத்தைப் போட்டு விட்டா, கெட்ட பேர் மோசில்லாவுக்கு தான். டெபியன் பக்கமும் நியாயம் இருக்கு. ஒருத்தருக்கு ஒரு விதி, இன்னொருத்தருக்கு ஒரு விதின்னு வெச்சா ஓபன் சோர்ஸுக்கு அர்த்தமே இல்ல.

டெபியனோட சொந்த லோகோவே இதுக்கு நல்ல உதாரணம். 1999-ல ரவுல் சில்வா வரைஞ்ச அந்த சிவப்புச் சுழி, முதல்ல டெபியன் தானே எழுதின ஒரு லைசென்ஸ்ல இருந்தது. 2012-ல அதை எல்ஜிபிஎல், கிரியேட்டிவ் காமன்ஸ்னு ரெண்டு லைசென்ஸ்ல வெளியிட்டாங்க. எது வேணுமோ எடுத்துக்கலாம். ஆனா டெபியன்ங்கிற டிரேட்மார்க் மட்டும் ஒரு அறக்கட்டளை மாதிரியான அமைப்பு பேர்ல பத்திரமா இருக்கு.

விக்கிபீடியா: உள்ள இருக்கிறதெல்லாம் ஃப்ரீ, லோகோ மட்டும் இல்ல!

விக்கிபீடியாவோட உருண்டையை உத்துப் பாருங்க. புதிர்த் துண்டுகள்ல பல மொழி எழுத்து இருக்கும். அடியில பாதி மறைஞ்ச மாதிரி நம்ம "வி" இருக்கு. 2003-ல ஒரு போட்டியில 17 வயசுப் பையன் போட்ட டிசைன்ல இருந்து வந்தது அது. இன்னொரு தன்னார்வலர் அதைத் திருத்தி வரைஞ்சார். சில எழுத்துகள் தப்பா இருக்குன்னு பல மொழிக்காரங்க சுட்டிக் காட்டினாங்க. 2010-ல எழுத்துகளைச் சரி பண்ணி, புதுசா 3டி-ல வடிவமைச்சாங்க.

ஆனா வேடிக்கை என்னன்னா, கட்டுரை, படம் எல்லாத்தையும் யாரும் எடுத்துக்கலாம்னு சொன்ன விக்கிபீடியாவோட லோகோ மட்டும் பல வருஷம் முழு காப்பிரைட்ல தான் இருந்தது. 2014 அக்டோபர்ல தான் அதை கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸுக்கு மாத்தினாங்க. டிரேட்மார்க்கை விடல. அதாவது, இப்போ அந்தப் படத்தை நீங்க உங்க பாடப் புத்தகத்துல போடலாம். ஆனா அந்த லோகோவைப் போட்டு "நாங்க தான் விக்கிபீடியா"ன்னு மக்கள் நம்புற மாதிரி எதையும் நடத்த முடியாது.

மூணு கதையையும் சேர்த்துப் பார்த்தா ஒரு விஷயம் தெரியுது: காப்பிரைட்ல கை தாராளமா இருக்கலாம். டிரேட்மார்க்ல கை இறுக்கமா இருக்கணும். க்ரெடிட்டை யாரும் மறக்கக் கூடாது.

சம்பளம் வாங்கறவங்களுக்கு மட்டும்: உங்க ஆஃபர் லெட்டரைத் திறங்க

மேலே சொன்னதெல்லாம், லோகோ உங்களுடையதா இருந்தா தான். முதல்ல அது உங்களுடையதா?

காப்பிரைட் சட்டத்தோட 17-வது பிரிவு இதைச் சொல்லுது: நீங்க ஒரு ஊழியரா, உங்க வேலையோட பாகமா செஞ்ச படைப்புக்கு, வேற ஒப்பந்தம் இல்லைன்னா, முதல் உரிமையாளர் உங்க கம்பெனி. ஞாயித்துக்கிழமை வீட்ல உட்கார்ந்து வேற ப்ராஜெக்டுக்கு வரைஞ்சது "வேலையோட பாகம்" இல்ல தானே? சட்டப்படி உங்க பக்கம் வலுவா தான் இருக்கு.

ஆனா ஆஃபர் லெட்டர் சட்டத்தை விட அகலமா எழுதி இருக்கலாம். "பணியில் இருக்கும் காலத்தில் உருவாக்கும் எல்லா அறிவுசார் சொத்தும் நிறுவனத்துக்கே"ன்னு ஒரு வரி நிறைய ஐடி கம்பெனி லெட்டர்ல உண்டு. அதோட வெளி வேலை செய்யக் கூடாதுன்னு இன்னொரு வரி. நீங்க டிசைனரா வேலை பார்த்துக்கிட்டே வெளியில டிசைன் செஞ்சா, ரெண்டு வரியும் சேர்ந்து உங்களைப் பிடிக்கும்.

அதனால மூணு விஷயம் பண்ணுங்க:

1. ஆஃபர் லெட்டர்ல "அறிவுசார் சொத்து", "வெளிப் பணி" சம்பந்தமான பத்திகளை இன்னைக்கே படிங்க. பெரும்பாலும் கடைசி ரெண்டு பக்கத்துல இருக்கும்.
2. கம்பெனி லேப்டாப், கம்பெனி வாங்கிக் கொடுத்த டிசைன் சாஃப்ட்வேர், கம்பெனி மெயில் ஐடி, இந்த மூணையும் தொடாதீங்க. இங்க்ஸ்கேப் மாதிரி இலவச சாஃப்ட்வேர்ல சொந்த லேப்டாப்லயே வரையலாம்.
3. சந்தேகம் இருந்தா ஹெச்ஆருக்கு நாலு வரி மெயில் போடுங்க: "பணம் வாங்காமல், சொந்த நேரத்தில், இந்த ஓபன் சோர்ஸ் ப்ராஜெக்டுக்கு லோகோ வரைய விரும்புகிறேன். ஆட்சேபனை உண்டா?" பதில் வந்ததும் அதை உங்க சொந்த மெயிலுக்கும் ஒரு காப்பி கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க.

மெயில் போட்டா வீண் வம்பு வரும்னு பயப்படறவங்க உண்டு. ஆனா யோசிச்சுப் பாருங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ப்ராஜெக்ட் பெருசானப்புறம் வர்ற வம்பை விட இது சின்னது. அன்னைக்கு மாட்டிக்கப் போறது நீங்க மட்டும் இல்ல, அந்த ஆப்பை நம்பின எல்லாரும்.

பழைய லோகோவை மாத்தும்போது வர்ற மூணு சிக்கல்

புதுசா வரையறதை விட ரீடிசைன்ல கவனம் அதிகம் வேணும்.

பழைய லோகோ யாருடையது? நம்ம உதாரணத்துல ஆறு வருஷத்துக்கு முன்னாடி "யாரோ" போட்டது. அந்த யாரோ எழுதிக் கொடுக்கலைன்னா, காப்பிரைட் இன்னும் அவர்கிட்ட தான். அவர் படத்தை வெச்சு அதையே மெருகேத்தினா அவரோட அனுமதி வேணும். கிரியேட்டிவ் காமன்ஸ்ல "ஷேர் அலைக்" வகையில கொடுத்திருந்தா, உங்க புது வடிவமும் அதே லைசென்ஸ்ல தான் போகணும். ஆளைக் கண்டுபிடிக்க முடியலைன்னா, அதைத் தொடாம முழுக்கப் புதுசா வரையறது தான் நல்லது.

ஃபான்ட் யாருடையது? லோகோவுல ஆப்பின் பேர் எழுத்துல இருக்கும். அந்தத் தமிழ் ஃபான்ட் எங்கிருந்து வந்தது? நண்பர் வாட்ஸ்அப்ல அனுப்பினதுன்னா உடனே நிறுத்துங்க. "எஸ்ஐஎல் ஓபன் ஃபான்ட் லைசென்ஸ்"ல வர்ற தமிழ் ஃபான்ட்கள் நிறைய இருக்கு, அதைப் பயன்படுத்துங்க.

ஐகான் யாருடையது? ஸ்டாக் சைட்ல வாங்கின படத்தை லோகோவா வைக்கக் கூடாதுன்னு பல சைட்களோட விதியிலயே இருக்கு. அதே படத்தை இன்னொரு நூறு பேரும் வாங்கி இருப்பாங்க. அப்புறம் அது எப்படி உங்க அடையாளம் ஆகும்?

எந்த லைசென்ஸ் போடறது?

ஒரு முக்கியமான விஷயம். கோடுக்குப் போட்ட லைசென்ஸ் லோகோவுக்குத் தானா பொருந்துமான்னு குழப்பம் வேண்டாம், தனியா எழுதிடுங்க. லைசென்ஸ் இருக்கிற ப்ராஜெக்ட்ல கிட்ஹப் மூலமா எதையாவது சேர்த்தா, வேற ஒப்பந்தம் இல்லைன்னா அதே லைசென்ஸ்ல சேர்த்ததா தான் கிட்ஹப் விதி எடுத்துக்கும். அதனால லோகோ ஃபோல்டர்க்குள்ள ஒரு தனி லைசென்ஸ் ஃபைல் அவசியம்.

உங்க முன்னாடி இருக்கிற வழிகள்:

- சிசி பை: யாரும் எடுக்கலாம், மாத்தலாம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். உங்க பேரைச் சொல்லணும்.
- சிசி பை-எஸ்ஏ: மேலே சொன்னதோட, மாத்தினவரும் அதே லைசென்ஸ்ல தான் வெளியிடணும். விக்கிபீடியா வழி.
- சிசி ஜீரோ: பேர் கூட சொல்ல வேண்டாம், எல்லாம் பொதுச் சொத்து.
- சிசி பை-என்சி: வியாபாரத்துக்குக் கூடாது. நல்லா தான் தோணும், ஆனா டெபியன் மாதிரி ப்ராஜெக்டுகள் இதை ஏத்துக்க மாட்டாங்க.
- முழு காப்பிரைட் எழுதிக் கொடுக்கிறது: ரூபாய் குறி வழி. ப்ராஜெக்டுக்குப் பின்னாடி ஒரு அமைப்பு இருந்தா தான் இதுக்கு அர்த்தம்.

என்னோட கருத்து: பெரும்பாலான சின்ன ப்ராஜெக்டுகளுக்கு சிசி பை-எஸ்ஏ போதும். ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. கிரியேட்டிவ் காமன்ஸ் கொடுத்தா கொடுத்தது தான். நாளைக்கு மனசு மாறி திரும்ப வாங்க முடியாது. அதே சமயம், அந்த லைசென்ஸ்ல டிரேட்மார்க் உரிமை போகாது. அதனால தான் படத்தைத் திறந்தும் அடையாளத்தைப் பூட்டியும் வைக்க முடியுது.

முழுசா எழுதிக் கொடுக்கிறதா இருந்தா இன்னொரு விஷயம். வாய்ப் பேச்சு செல்லாது; எழுத்துல, உங்க கையெழுத்தோட இருக்கணும்னு 19-வது பிரிவு சொல்லுது. எத்தனை வருஷம்னு எழுதலைன்னா 5 வருஷம் தான். எந்த நாட்டுக்குன்னு எழுதலைன்னா இந்தியாவுக்கு மட்டும் தான். உலகம் முழுக்க டவுன்லோட் ஆகிற ஆப்புக்கு இது பெரிய ஓட்டை!

செலவு எவ்வளவு ஆகும்?

சரி, நம்ம சேனல்ல எப்பவும் கேட்கிற கேள்விக்கு வருவோம்.

காப்பிரைட் பதிவு: கட்டாயம் இல்ல. செய்யணும்னா சாதாரண ஓவியத்துக்கு ₹500. லோகோ மாதிரி பொருளுக்கோ சேவைக்கோ பயன்படுற படத்துக்கு ₹2,000. அதுக்கு டிரேட்மார்க் அலுவலகத்துல இருந்து ஒரு சான்றிதழும் வாங்கணும்.

டிரேட்மார்க் பதிவு: தனி நபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம்னா ஆன்லைன்ல ஒரு வகுப்புக்கு ₹4,500. மத்தவங்களுக்கு ₹9,000. சாஃப்ட்வேருக்கு 9-வது வகுப்பு, சாஃப்ட்வேர் சேவைக்கு 42-வது வகுப்பு. ரெண்டும் போட்டா ₹9,000. 10 வருஷத்துக்குப் பிரிச்சுப் பாருங்க: மாசம் ₹75. ஒரு ஓடிடி சந்தாவை விடக் குறைவு. ஏஜென்ட் அல்லது வக்கீல் ஃபீஸ் தனி. நம்ம தென் மாநிலங்களுக்கான டிரேட்மார்க் அலுவலகம் கிண்டியில தான் இருக்கு, ஆர்.ஏ.புரத்துல இருந்து ஆட்டோ தூரம். ஆனா விண்ணப்பம் எல்லாம் ஆன்லைன்லயே போடலாம்.

பதிவு ஆகறதுக்கு முன்னாடி வட்டத்துக்குள்ள ஆர் போட்ட குறியை லோகோ பக்கத்துல போடாதீங்க. பதிவு ஆகாததை ஆனதா காட்டறது சட்டப்படி குற்றம். டிஎம் குறி போட்டுக்கலாம்.

யார் பேர்ல பதிவு? இது தான் பெரிய கேள்வி. "ஓபன் சோர்ஸ் ப்ராஜெக்ட்"ங்கிறது சட்டத்துக்கு ஒரு ஆள் இல்ல. அது பேர்ல சொத்து இருக்க முடியாது. ஒரு தனி நபர் பேர்ல போட்டா, நாளைக்கு அவர் சண்டை போட்டுக்கிட்டு போனா பேரும் அவரோட போயிடும். டிரஸ்ட், சொசைட்டி மாதிரி ஒரு அமைப்பு பேர்ல போடறது நல்லது. அது வரைக்கும், "அமைப்பு உருவானதும் மாத்திக் கொடுப்பேன்"னு அவர்கிட்ட எழுதி வாங்கிக்கோங்க.

உங்க வருமான வரி: லோகோவுக்குப் பணம் வாங்கினா, அது இந்திய ப்ராஜெக்டா இருந்தாலும் வெளிநாட்டு ஸ்பான்சரா இருந்தாலும், உங்க சம்பளத்தோட சேர்ந்து ஸ்லாப் படி வரி. இது தொழில் வருமானம். அதனால ஐடிஆர்-1 போட முடியாது. டிடிஎஸ் போக கட்ட வேண்டிய வரி ₹10,000-ஐத் தாண்டினா அட்வான்ஸ் டாக்ஸும் கட்டணும். ஃப்ரீயா கொடுத்தா வரி இல்ல. ஆனா "என் உழைப்போட மதிப்பு ₹30,000, அதை நன்கொடையா காட்டறேன்"னும் சொல்ல முடியாது. அந்தச் சலுகை பணமா கொடுத்தா தான்.

எழுதி வைக்க வேண்டிய ஒரு பக்கம்

வக்கீல் வைக்கிற அளவுக்கு ப்ராஜெக்ட் பெருசா இல்லைன்னா, குறைந்தபட்சம் இதையாவது எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு ஸ்கேன் பண்ணி வெச்சுக்கோங்க:

- இந்த லோகோவை வரைந்தவர் நான். பிறர் படம், அனுமதி இல்லாத ஃபான்ட் எதையும் இதில் பயன்படுத்தவில்லை.
- என் பணி நேரத்திலோ, என் நிறுவனத்தின் கருவிகளிலோ இதை வரையவில்லை.
- இதன் காப்பிரைட் என்னிடமே இருக்கும். சிசி பை-எஸ்ஏ 4.0 லைசென்ஸில் உலகம் முழுவதற்கும், காப்பிரைட் காலம் முழுவதற்கும் இதை வெளியிடுகிறேன்.
- இதை டிரேட்மார்க்காகப் பதிவு செய்யவும் பயன்படுத்தவும் ப்ராஜெக்டுக்கு முழு உரிமை உண்டு. நான் தனியாக டிரேட்மார்க் கோர மாட்டேன்.
- ப்ராஜெக்டின் அறிமுகப் பக்கத்தில் வடிவமைத்தவர் என என் பெயர் இருக்கும். என் வேலை மாதிரிகளில் இதைக் காட்டலாம்.
- கைமாறிய தொகை: ₹____ (இல்லை என்றால் "பணம் இல்லை" என்று எழுதவும்).

ஆறே வரி. அதோட எடிட் பண்ணக் கூடிய மூல ஃபைலையும் கொடுத்துடுங்க. நாளைக்கு வேற ஒருத்தர் மாத்த வேண்டி வந்தா அது இல்லாம கஷ்டப்படுவாங்க.

பெரிய தொகை, கம்பெனி, முதலீடுன்னு விஷயம் வளர்ந்தா இந்த ஒரு பக்கம் பத்தாது. அப்போ ஐபி வக்கீலைப் பாருங்க. இந்தக் கட்டணங்கள் மாறக் கூடியது, விண்ணப்பிக்கும் முன்னாடி அரசுத் தளத்துல ஒரு தடவை சரி பார்த்துக்கோங்க.

ஃப்ரீயா கொடுக்கிறது ரொம்ப நல்ல விஷயம் நண்பர்களே. அந்தப் பென்குயின் உலகம் பூரா போனதே ஒருத்தர் தாராளமா கொடுத்ததால தான். ஆனா அவர் கூட எதைக் கொடுக்கிறேன், எதைக் கேட்கிறேன்னு ஒரு வரி எழுதி வெச்சுட்டு தான் கொடுத்தார். நீங்களும் இந்த ஞாயித்துக்கிழமை, வரைய உட்கார்றதுக்கு முன்னாடி, அந்த ஒரு பக்கத்தை எழுதிடுங்க.

டிரேட்மார்க் விண்ணப்பத்தை ஸ்க்ரீன்ல ஒவ்வொரு கட்டமா நிரப்பிக் காட்டற வீடியோ வேணும்னா நம்ம சேனல்ல சொல்லுங்க, பண்ணிடலாம். டிசைன் துறையில இருக்கிற உங்க நண்பருக்கு இதை அனுப்புங்க.